ஏழாம் பத்தி

செத்துப்போனவருக்கு என்ன வயசு என்று போலீஸ்காரர் கேட்டார். பிணவறை வாசலில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற கணவர், "பதிமூணு" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "பதிமூணா? உங்க சம்சாரம்னு சொன்னாங்களே?"

"சம்சாரம்தான். நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டுன்னு போட்டுக்குங்க."

பாவம், அதிர்ச்சியில் உளறுகிறார் என்று போலீஸ்காரர் நினைத்தார். யாரையோ கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளும் அப்படித்தான் நினைத்தாள். அவர் உளறவே இல்லை. இருபத்தாறு வருஷமாக அவர் பார்க்கிற வேலை அப்படி. நாற்பத்தாறிலிருந்து ஐம்பது வயதுக்குள் ஒருவர் சாலையில் அடிபட்டுச் செத்தால், நஷ்ட ஈட்டைப் பெருக்க வேண்டிய எண் பதிமூன்று. வயதைக் காதில் போட்டால் எண் வாயில் வந்து விழும். தும்மல் வருகிற மாதிரி.

அவர் ஒரு வக்கீல் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. அந்த ஆபீஸ் ஆஜராவது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும். லாரியோ காரோ ஆளை அடித்துப் போட்டால், வண்டிக்காரன் சார்பில் காசு கொடுக்க வேண்டியது கம்பெனி. எவ்வளவு குறைவாகக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம் என்று வழி சொல்வது ஆபீஸ். கணக்கு என்னமோ பள்ளிக்கூடத்துக் கணக்குதான். செத்தவரின் மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். உயிரோடு இருந்திருந்தால் தன் வாய்க்கும் வயிற்றுக்கும் செலவழித்திருப்பார் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். குமாஸ்தாவின் கெட்டிக்காரத்தனமெல்லாம் முதல் வரியில் இருந்தது. வருமானத்தை நசுக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சின்னதாகிவிடும் அல்லவா?

கொத்தனார் செத்தால் "வருஷத்தில் பாதி நாள் வேலையில்லை" என்று எழுதுவார். பழக்கடைக்காரர் செத்தால் "கடை இன்னும் நடக்கிறது, கடை சாகவில்லை" என்று எழுதுவார். வீட்டோடு இருந்த பெண்கள் செத்தால் எழுதுவதற்கென்று ஒரு பத்தியைப் பதினெட்டு வருஷத்துக்கு முன்பு உட்கார்ந்து செதுக்கி வைத்திருந்தார். கம்பெனி சார்பில் கோர்ட்டில் போடும் பதிலுரையில் அது எப்போதும் ஏழாவதாக வரும்.

'இறந்துபோனவர் வருமானம் ஏதும் ஈட்டாதவர். அவர் செய்துவந்ததாகச் சொல்லப்படும் வீட்டு வேலைகளை, குடும்பத்தின் பிற உறுப்பினர்கள் தங்களுக்குள் பகிர்ந்து செய்துகொள்ள இயலும். ஆகவே அவருடைய மறைவால் மனுதாரர்களுக்குப் பொருளிழப்பு ஏதுமில்லை.'

இந்த மூன்று வாக்கியங்கள் கம்பெனிக்குச் சேமித்துக் கொடுத்த பணத்தில் ஒரு தெருவையே வாங்கலாம். கோர்ட் வராந்தாவில் அவருக்கு 'ஏழாம் பத்தி' என்றே பேர் வந்துவிட்டது. கேலிக்கு வைத்த பேர். அவர் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார்.

புதிதாகச் சேர்ந்த ஜூனியர் வக்கீலம்மாவுக்கு அவர்தான் குறுக்கு விசாரணை சொல்லிக் கொடுத்தார்.

"மேடம், பொம்பள செத்த கேஸ்ல அதட்டக் கூடாது. கரிசனமா கேக்கணும். 'வீட்டுல நோயாளி இருக்காங்களாமே, இப்ப அவங்களை நல்லா பாத்துக்கறீங்களா?' அவ்வளவுதான் கேள்வி."

"அதுல என்னண்ணே இருக்கு?"

"நாலு பேர் முன்னாடி எவனாவது 'இல்லீங்க, எங்க வீடு நாறிக் கிடக்கு'ன்னு சொல்வானா? 'எந்தக் குறையும் இல்லாம பாத்துக்கறோம்'னு நெஞ்சை நிமித்திட்டு சொல்லுவான். உடனே உட்காந்துடுங்க. அந்தம்மா இல்லாமலே வீடு நடக்குதுன்னு அவன் வாயாலேயே வந்தாச்சு. ஏழாம் பத்தி நிரூபணம்."

ஜூனியர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நல்ல மாணவி.

இப்படிப்பட்ட மனிதரின் மனைவிதான், அன்று காலை மாத்திரை வாங்கப் போனவள், பின்னால் வந்த தண்ணீர் லாரிக்குக் கீழே போனாள். லாரிக்கு இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி? அதே கம்பெனிதான்.

வீடு, டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு நீளமான பால்கனி. எந்நேரமும் ரப்பர் வாசனை அடிக்கும். முன்னறைக் கட்டிலில் அவருடைய அண்ணன் படுத்திருந்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்பு பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் குறையவில்லை. பழைய விசில் ஒன்று கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும். ஒரு தடவை ஊதினால் தண்ணீர். இரண்டு தடவை ஊதினால் திருப்பிப் படுக்க வை என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஐந்து வருஷத்தில் அவர் முதுகில் ஒரு கீறல் கிடையாது. டாக்டரே ஒருமுறை சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டார். "நாங்கதான்" என்றார் ஏழாம் பத்தி. சமையலறையில் மனைவி கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு விசில் சத்தத்துக்கு ஓடியது மகள். ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகில் பல் செதுக்கி, மாவில் அச்செடுத்து, சாயம் பார்த்துப் பொருத்துவாள். எந்நேரமும் நகக்கண்ணில் வெள்ளை மாவு இருக்கும். சம்பளம் பதினாலாயிரம். மூன்று வாரம் விடுப்பில் இருந்தாள். நாலாவது வாரம் அப்பா பேச்சை எடுத்தார்.

"ஆள் வெக்கலாம்னு விசாரிச்சேன். பகல்ல மட்டும் பாத்துக்க மாசம் பன்னிரண்டாயிரம் கேக்கறான். சமையல், துணி தனி."

"சரி, வெப்போம்பா."

"நீ வாங்கறது பதினாலு. அதுல பன்னிரண்டைத் தூக்கி அவன்கிட்ட குடுத்துட்டு, பஸ்ஸுக்கும் செலவு பண்ணிட்டு நீ எதுக்கு போகணும்? கணக்குப் போட்டுப் பாரு."

"உங்க சம்பளத்துல இருந்து ஏன் குடுக்கக் கூடாது?"

வாடகை என்றார், மாத்திரை என்றார், பிறகு பெரிதாக மூச்சு விட்டார். பெரிய மூச்சு விடுவது அவருடைய கடைசி வாதம். மகள் வேலையை விட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் விடுவிப்புக் கடிதத்தில் சம்பளம், தேதி, காரணம் எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். அதை அவள் மடித்துத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். எதற்காக என்று அப்போது அவளுக்கே தெரியாது.

மழைக்காலம் வேறு. நாளுக்கு மூன்று விரிப்பு மாற்ற வேண்டும், ஒன்றும் காயாது. ஈர விரிப்பைத் தோசை திருப்புவது போல மின்விசிறிக்கு அடியில் திருப்பித் திருப்பிப் போடுவாள். காலையில் ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஐந்தே முக்காலுக்கு நின்றுவிடும். அதற்குள் இரண்டு டிரம்மும் எட்டு குடமும் நிரம்ப வேண்டும். ஏழாம் பத்தி ஏழு மணிக்கு எழுந்து, நிரம்பிய குடத்தில் மொண்டு குளித்துவிட்டு, மடித்து வைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டிவைத்த டிபன் பாக்ஸோடு சைக்கிளில் போவார். மனைவி செத்த துக்கத்தில் ஆள் பாதியாகிவிட்டதாக ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். கண்டக்டர் அண்ணன் மட்டும், "சட்டையில ஒரு சுருக்கம் கூட இல்ல, துக்கம் எங்கடா உக்காரும்?" என்று கேட்டார்.

ஒரு மாதம் கழித்துச் சீனியர் வக்கீல் கூப்பிட்டார். அவர் பெரிய மனுஷன் குரலில் பேசுகிறவர். அந்தக் குரலில் பேசினால் யாருக்கோ நஷ்டம் என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

"கம்பெனியில பேசிட்டேன்யா. நம்ம ஆளு, இழுத்தடிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். மனு போடுங்க, சமரசத்துல முடிச்சுடலாம். மாசம் மூவாயிரம்னு வெச்சு எவ்வளவு வரும்?"

"மூணு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சார்."

கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டார். தன் மனைவியின் விலையை யோசிக்காமல் சொன்னதற்கு ஒரு கணமாவது கூச வேண்டாமா? அவருக்கு அதைத் தப்பில்லாமல் சொன்னோம் என்று திருப்திதான் வந்தது.

"அதான். வாங்கிட்டு நிம்மதியா இருங்க. கம்பெனியோட மோதறது நமக்கு நல்லதில்ல பாருங்க."

அன்று சாயங்காலம் அண்ணனின் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, மகளுக்குக் கணக்கை விளக்கினார். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினார். மூவாயிரம், பெருக்கல் பன்னிரண்டு, முப்பத்தாறாயிரம். கழித்தல் மூன்றில் ஒன்று, இருபத்து நாலாயிரம். பெருக்கல் பதிமூன்று.

மகள் அந்தப் பதிமூன்றின் மேல் விரலை வைத்தாள். "இது என்ன?"

"வயசுக்கு உண்டான எண். நாற்பத்தெட்டுக்குப் பதிமூணு."

பிணவறை வாசலும், போலீஸ்காரர் கொடுத்த தண்ணீரும், "அப்பா உக்காருங்கப்பா" என்று தான் அழுததும் எல்லாம் அவளுக்கு அந்தத் தாளில் தெரிந்தது. விரலை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

"இந்த மூவாயிரம் எங்கேருந்து வந்துச்சு? ஆள் வெச்சா பன்னிரண்டாயிரம்னு நீங்கதான விசாரிச்சுட்டு வந்தீங்க?"

"அது வெளி மார்க்கெட்டும்மா. கோர்ட்டுல வேற."

"சரி. இந்த மூணுல ஒரு பங்கு?"

"அவ உயிரோட இருந்தா அவளுக்குன்னு ஆகியிருக்கற செலவு. அதைக் கழிக்கணும். சட்டம்."

கட்டிலில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. பாதி வாயால் சிரிக்கிற சிரிப்பு, கேட்கவே கொடூரமாக இருக்கும்.

"அவளுக்குன்னு செலவா? டேய், நான் முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன். பைசா பைசாவா கணக்கு சொல்லு. என்ன செலவு?"

"அண்ணே, நீங்க சும்மா இருங்க."

"துணி சொல்லு. உன் மக பழசைத்தான் அவ கட்டிக்கிட்டா. சாப்பாடு சொல்லு. நமக்குப் போட்டது போகப் பாத்திரத்துல ஒட்டினதைச் சாப்பிட்டா. செருப்பு இருக்கு. வாரு பிஞ்சதுக்கு ஊக்கு குத்தியிருந்தா. ஆஸ்பத்திரியில குடுத்த பையில அந்தச் செருப்பு இன்னும் இருக்கு, போய் பாரு. அந்த ஊக்கு என்ன விலைடா?"

"எல்லாருக்கும் கழிக்கறதுதான் அண்ணே."

"எல்லாருக்கும் கழிப்பே, தெரியும். உனக்குக் கழிச்சா மூணுல ரெண்டு பங்கு கழிக்கணும்."

மகள் தாளை எடுத்து நாலாக மடித்தாள். "நான் இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"என்னம்மா பேசற? எனக்கு அந்த ஆபீஸ்தான் சோறு போடுது."

"இந்த வீட்டுல சோறு போடறது யாருன்னு கோர்ட்டுலயே கேப்போம்."

மறுநாளே அவள் ஒரு வக்கீலைப் பிடித்தாள். எங்கே விபத்து என்றாலும் உறவுக்காரர்களுக்கு முன்னால் போய் நிற்கிறவர், அதனால் 'ஆம்புலன்ஸ்' என்று பேர். அவருக்கும் இந்தக் குடும்பத்தின் மேல் அன்பெல்லாம் பொங்கவில்லை. வருகிற தொகையில் அவர் பங்குக்குத்தான் அன்பு. ஆனால் ஏழாம் பத்தியைக் கூண்டில் ஏற்றலாம் என்றதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து மகளே பயந்துவிட்டாள். கணவர் என்பதால் மனுவில் அப்பா முதல் ஆள், மகள் இரண்டாவது. அப்பா கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் மனைவியின் வழக்கில் கையெழுத்துப் போடாதவர் என்று வராந்தாவில் சிரிப்பார்கள். போட்டால் சீனியர் முறைப்பார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "பொண்ணு பிடிவாதம் சார், நான் என்ன பண்றது" என்று சீனியரிடம் சொல்லி இரண்டு பக்கமும் நல்லவராக நின்றார்.

சீனியர் வாய்விட்டுச் சிரித்தார். "பரவால்லய்யா. ஆனா இந்த ஃபைலை மட்டும் நீங்க தொடக் கூடாது. ஜூனியர் பாக்கட்டும்."

ஜூனியர் என்ன செய்வாள்? கம்ப்யூட்டரில் இருந்த அச்சைத் திறந்தாள். பேரை மாற்றினாள், வயதை மாற்றினாள், அனுப்பினாள்.

பதிலுரை வீட்டுக்கு வந்த அன்று மகள் அதைக் கட்டில் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தாள். ஏழாவது வந்ததும் மெதுவாகப் படித்தாள். பிற உறுப்பினர்கள் தங்களுக்குள் பகிர்ந்து செய்துகொள்ள இயலும்.

கண்டக்டர் கண்ணை மூடிக் கேட்டார். "நல்ல எழுத்து. யாரு எழுதினது?"

ஏழாம் பத்தி சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார். "ஆபீஸ்ல எழுதினது."

"ஆபீஸுக்குக் கை இருக்காடா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு காற்று வாங்கப் போனார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

விசாரணை நாள். பழைய மர பெஞ்சும், தலைக்கு மேல் முனகுகிற மின்விசிறியும், மூலையில் ஆளுயரத்துக்குக் கட்டுக் கட்டாக ஃபைலும் உள்ள அறை. செத்தவர்கள் எல்லாம் அங்கே பச்சை அட்டைக்குள் அடுக்கி இருந்தார்கள். பாதிக்கு மேல் ஏழாம் பத்தி தன் கையால் நூல் கோத்தவை. நீதிபதிக்குச் சளி. ஒவ்வொரு பதிலுக்கும் ஒருமுறை மூக்கைச் சிந்தினார்.

ஏழாம் பத்தி கூண்டில் ஏறினார். சீனியர் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோர்ட் வராந்தா முழுக்க வேடிக்கை பார்க்க வாசலில் நின்றது. மகள் கதவோரத்தில், பெரியப்பாவை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளும்படி பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தவள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆம்புலன்ஸ் கேட்டதற்கெல்லாம் அவர் ஒழுங்காகவே பதில் சொன்னார். மனைவி காலையில் எழுவாள், சமைப்பாள், அண்ணனைப் பார்த்துக்கொள்வாள். பிறகு ஜூனியர் எழுந்தாள். அதட்டவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, அக்காள் தம்பியிடம் விசாரிப்பது போலக் கேட்டாள்.

"உங்க அண்ணன் படுத்த படுக்கையா இருக்காராமே. இப்ப அவரை நல்லா பாத்துக்கறீங்களா?"

இந்தக் கேள்வி அவருக்குத் தெரியாதா? அவர் வாயிலிருந்து ஜூனியரின் நோட்டுக்குப் போன கேள்வி அது. ஆனால் வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். சீனியர் பார்க்கிறார். தன் வீடு நாறிக் கிடக்கிறது என்று அவரா சொல்வார்? நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"எந்தக் குறையும் இல்லாம பாத்துக்கறோம்."

"அவ்வளவுதான்" என்று ஜூனியர் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "அதாவது..." என்றார். நீதிபதி மூக்கைச் சிந்திவிட்டு, "பதிவாகிடுச்சு, இறங்குங்க" என்றார். வாசலில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். சீனியர் சிரிக்கவில்லை. மேஜையில் பென்சிலை உருட்டினார். தன் ஆபீஸில் வளர்ந்த பெண் நன்றாகச் செய்தாள் என்று பெருமையோ என்னமோ.

அடுத்த சாட்சியாக மகளைக் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ் கேட்டுக்கொண்டதும் அவள் அந்த விடுவிப்புக் கடிதத்தைக் கொடுத்தாள். சம்பளம் பதினாலாயிரம். வேலையை விட்ட காரணம், தாயின் மரணத்தால் வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

ஜூனியர் எழுந்தாள். இப்போது அவள் நோட்டில் கேள்வி இல்லை. குருநாதர் இந்தப் பாடத்தை நடத்தவில்லை.

"உங்க அப்பா எந்தக் குறையும் இல்லன்னு சொன்னாரே?"

"சரியாத்தான் சொன்னார். குறை இல்ல. அதுக்கு மாசம் பதினாலாயிரம் ஆகுது. என் சம்பளம்."

"உங்க அம்மா செஞ்ச வேலைகளை வீட்டுல மத்தவங்க பகிர்ந்து செய்யலாம் இல்லையா?"

"மத்தவங்கன்னா யாருன்னு சொல்லுங்க மேடம். வீட்டுல நாலு பேர் இருந்தோம். அம்மா போயாச்சு. பெரியப்பா கட்டில்ல. நான் வேலைய விட்டுட்டு முழுசா செய்யறேன், அதுல பகிர்றதுக்கு ஒண்ணும் இல்ல. மிச்சம் ஒருத்தர். இப்பதான் இறங்கிப் போனார். பெரியப்பாவுக்குக் காலையில என்ன மாத்திரைன்னு அவரைக் கேட்டுப் பாருங்க."

ஜூனியர் ஏன் கேட்கப் போகிறாள்? நீதிபதி கேட்டார். முதல்முறையாகக் கைக்குட்டையைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தார்.

"சொல்லுங்க. என்ன மாத்திரை?"

ஏழாம் பத்தி எழுந்து நின்றார். இருபத்தாறு வருஷமாக அந்த அறையில் அவருக்குத் தெரியாதது என்று எதுவும் கேட்கப்பட்டதில்லை.

"வெள்ளையா இருக்குங்கய்யா" என்றார். கொஞ்சம் யோசித்து, "சின்னதா" என்று சேர்த்துக்கொண்டார்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள், இதையும் அடிப்பதா என்று நீதிபதியைப் பார்த்தாள். அடிக்கச் சொன்னார்.

மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது. இறந்தவரின் உழைப்பின் மதிப்பு, அதைச் செய்வதற்காக மகள் இழந்த சம்பளம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பதினாலாயிரம், பன்னிரண்டு, மூன்றில் ஒன்று கழித்து, பதிமூன்று. பதினாலு லட்சத்து ஐம்பத்தாறாயிரம். ஊக்கு குத்திய செருப்புக்காரியின் சொந்தச் செலவு என்று ஏழு லட்சத்து இருபத்தெட்டாயிரத்தைக் கழித்தது கழித்ததுதான். அதை எந்த நீதிபதியும் மாற்ற மாட்டார். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. வெள்ளையா, சின்னதா என்று பதிவான சாட்சியத்தோடு மேலே போக அவர்களுக்கும் வெட்கம் இருக்காதா? ஆம்புலன்ஸ் தன் பங்கை வாங்கிக்கொண்டு அடுத்த பிணவறைக்குப் போனார். மிச்சத்தை மூன்று வருஷத்துக்குப் பாங்கில் தொடாமல் போட்டுவைக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழாம் பத்தி நல்ல மனநிலையில் இருந்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எப்படியோ, நல்ல தொகை. நம்ம கேஸை நான் நின்னு நடத்தினேன்ல" என்று பஞ்சர் கடைக்காரரிடம் பால்கனியில் இருந்தபடி சொன்னார். மகள் துணி உதறிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நாளைக்கு நான் வேலைக்குப் போறேன். பழைய இடம் காலியா இருக்காம். கூப்பிட்டாங்க."

"நாளைக்கா? அப்ப அண்ணனுக்கு ஆள்?"

"ஆளுக்குக் காசு? தொகை மூணு வருஷம் பாங்குல. மாச வட்டி பெரியப்பா மாத்திரைக்கும் விரிப்புக்கும் சரியா போகும்."

"உன் சம்பளம் இருக்கே."

"என் சம்பளம் என்னுது."

"அப்ப யாரு பாப்பாங்க?"

அவள் உள்ளே போய், பதிலுரையை எடுத்து வந்தாள். ஏழாவது பத்தியை மட்டும் வெட்டி எடுத்தாள். அதைச் சமையலறைச் சுவரில், தண்ணீர் வரும் நேரமும் மாத்திரை நேரமும் எழுதிய அட்டைக்குப் பக்கத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள்.

"இயலும்னு எழுதியிருக்கே. காலையில நானே தண்ணி பிடிக்கறேன், சமைச்சு வெக்கறேன். பகல் உங்களுது. ஆபீஸ் ரெண்டு தெருதான். பத்து, பன்னண்டு, ரெண்டு, நாலு. வந்து திருப்பிட்டுப் போங்க. பெரியப்பா தலைமாட்டுல ஒரு போன் வெச்சுட்டுப் போறேன். சாயங்காலம் ஆறுக்கு மேல நான்."

"ஆபீஸ்ல விடுவாங்களா?"

"கேளுங்க. இருபத்தாறு வருஷம் உழைச்சிருக்கீங்க."

கட்டிலில் இருந்து விசில் இரண்டு தடவை வந்தது. மகள் அசையவில்லை. மறுபடியும் இரண்டு தடவை. ஏழாம் பத்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். அண்ணனின் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். வரவில்லை.

"அப்படி இல்லடா. இடுப்புக்குக் கீழ ஒரு கை குடு. முட்டியை மடக்கு. என் முட்டியை, உன் முட்டியை இல்ல. அவ ஒத்தைக் கையால பண்ணுவா. ஆங். இப்ப தள்ளு."

தள்ளினார். சுவர்ப் பக்கம் திரும்பிய கண்டக்டர் பெருமூச்சு விட்டு, "ரைட்" என்றார். "பரவால்ல. பயணிக்குக் காயம் இல்ல."

திங்கட்கிழமை பத்து மணிக்குக் காபி குடிக்கப் போகிறேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டு ஓடிவந்தார். பன்னிரண்டுக்குத் தபால் ஆபீஸ் என்றார். புதன்கிழமைக்குள் பொய்கள் தீர்ந்துபோயின. வியாழக்கிழமை காலை ஒரு புது ஃபைல் வந்தது. முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகளின் தாய், வேலை எதுவுமில்லை. "பதினாறு" என்று வாய் சொன்னது. பதிலுரை அடிக்க உட்கார்ந்தார். விரிப்பு அலசி அலசி விரல் நுனியெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது. முதுகு கழன்றுவிடும் போல வலித்தது. ஆறாவது பத்தி முடிந்தது. ஏழாவது கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது, ஒரு பொத்தானை அமுக்கினால் வந்து விழும்.

அவர் அமுக்கினார். மனம் திருந்திவிட்டார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம்.

அப்போது மேஜையில் இருந்த அவருடைய போன் அடித்தது. எடுத்தார். எதிர்முனையில் பேச்சு இல்லை. விசில் வந்தது. இரண்டு தடவை, நீளமாக. ஆபீஸ் முழுக்கக் கேட்டது. ஜூனியர் தலையைக் குனிந்துகொண்டாள். உள் அறைக் கதவைத் திறந்து சீனியர் எட்டிப் பார்த்தார். ஏழாம் பத்தி அதற்குள் சைக்கிள் சாவியை எடுத்திருந்தார்.

"எங்கய்யா கிளம்பிட்டீங்க? ஃபைல் பன்னண்டரைக்குக் கோர்ட்டுல இருக்கணும்."

"அண்ணனைத் திருப்பிப் படுக்க வெக்கணும் சார். பத்து நிமிஷம்."

"தினமும் இதே கதையா போச்சு. ஏன், வீட்டுல வேற உறுப்பினர் யாரும் இல்லையா?"

ஏழாம் பத்தி கதவருகே நின்றார். கம்ப்யூட்டர் திரையில் அவருடைய மூன்று வாக்கியங்களும் அழகாக நின்றுகொண்டிருந்தன. போன் மறுபடி விசில் அடித்தது.

"இருக்காங்க சார்" என்றார். "அது நான்தான்."